சென்சாரில் விழுந்த புள்ளிகள்

2012இல், சில மாத இடைவெளியில், இரண்டு பெரிய ஜப்பானியக் கம்பெனிகளின் கேமராக்களில் பழுது வெளியே வந்தது. முதலாவது கேனான் 650டி. ஜூன் மாதம் அறிமுகமானது. சிலருடைய கேமராவில் கைப்பிடியின் கருப்பு ரப்பர் கொஞ்ச நாளிலேயே வெளுக்க ஆரம்பித்தது. ரப்பரில் சேர்த்த வேதிப்பொருள் ஒன்று வினைபுரிந்து துத்தநாகச் சேர்மம் உருவாகியிருந்தது. அது சிலருக்குத் தோலில் ஒவ்வாமை உண்டாக்கலாம். ஜூலை மாதமே கேனான் அறிவிப்பு கொடுத்துவிட்டது. மே 31 முதல் ஜூன் 15 வரை தயாரான கேமராக்களில் இந்தப் பிரச்சினை இருக்கலாம், தொட்டால் கையைக் கழுவிக்கொள்ளுங்கள், ரப்பரை இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றது. அவ்வளவுதான். இன்று 650டி வைத்திருக்கும் பலருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

இரண்டாவது நிக்கான் டி600. அதில் யாருக்கும் உடம்புக்கு எதுவும் ஆகவில்லை. கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சாரில் தூசியும் எண்ணெய்த் துளியும் விழுந்தன, துடைத்தால் போய்விடும். ஆனால் பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் டி600 என்று சொன்னாலே, “அந்த டஸ்ட் கேமராதானே” என்கிறார்கள்.

உடம்புக்கு வரக்கூடிய கேடு மறந்துபோய், துடைத்தால் போகிற தூசி மட்டும் ஏன் நினைவில் நின்றது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். இது என் தொழில். கல்யாணங்களுக்கும் கம்பெனி நிகழ்ச்சிகளுக்கும் படம் எடுத்துத்தான் குடும்பம் நடக்கிறது. கேமரா ஒழுங்காக வேலை செய்வது எனக்கு அரிசி பருப்பு விஷயம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழுது வந்ததால் எந்தக் கம்பெனியும் கெட்டுப்போவதில்லை. பழுதை மறைப்பதற்குக் கம்பெனிக்குத் துணை போகிறவர்கள் அதன் தீவிர ரசிகர்கள். அதில் ஏமாறுகிறவர்களும் அவர்கள்தான்.

டி600 கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2012 செப்டம்பரில் வந்தது. 24.3 மெகாபிக்சல், ஃபுல் ஃபிரேம் (பழைய ஃபிலிம் அளவுக்குப் பெரிய சென்சார்), அமெரிக்காவில் சுமார் 2,100 டாலர். நிக்கானில் அந்த விலைக்கு அப்படி ஒரு புது கேமரா அதுவரை வந்ததில்லை. அதைவிடச் சிறிய கிராப் சென்சாரில் ஓட்டிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானவர்கள், கடைசியில் நமக்கும் ஃபுல் ஃபிரேம் கைக்கு எட்டியது என்று வாங்கினார்கள். படத் தரம் இன்றைக்குப் பார்த்தாலும் அருமை.

ஆனால் அக்டோபரிலேயே, அமெரிக்காவில் கேமராவை வாடகைக்கு விடும் லென்ஸ்ரென்டல்ஸ் நிறுவனம் ஒரு விஷயத்தைச் சொன்னது. வாடகைக்குப் போய்த் திரும்பி வரும் ஒவ்வொரு கேமராவின் சென்சாரையும் பார்த்துத் துடைப்பது அவர்களுடைய அன்றாட வேலை. வழக்கமாகத் தூசி அங்கொன்றும் இங்கொன்றுமாக விழும். டி600இல் மட்டும் படத்தின் மேல் இடது பக்கத்தில் கூட்டமாக விழுகிறது. துடைத்துக் கொடுத்தாலும் திரும்ப வருகிறது என்றார்கள். நூற்றுக்கணக்கான கேமராக்களைக் கையாளுகிறவர்கள் சொன்னதால் அதைத் தனிப்பட்ட புகார் என்று ஒதுக்க முடியவில்லை. இன்னொருவர் தொடர்ந்து ஆயிரம் படங்கள் எடுத்து அவற்றை வீடியோவாகக் கோத்துப் போட்டார். படம் ஓட ஓட மேல் இடது மூலையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக முளைப்பது கண்ணெதிரே தெரிந்தது. வெளியிலிருந்து வரும் தூசி என்றால் இப்படி ஒரே இடத்தில், ஷட்டர் (படம் எடுக்கும்போது சென்சாருக்கு முன்னால் திறந்து மூடும் திரை) ஓடும் எண்ணிக்கைக்கு ஏற்பப் பெருகாது. உள்ளே ஷட்டர் பக்கத்திலிருந்துதான் ஏதோ தெறிக்கிறது.

இந்தப் புள்ளியைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். மண்டபத்துக்குள் எஃப்/2.8இல், அதாவது அபெர்ச்சரை (லென்சில் ஒளி நுழையும் துளையை) அகலமாகத் திறந்து எடுக்கும்போது எதுவும் தெரியாது. சென்சாருக்கு மேலே ஒரு கண்ணாடி ஃபில்டர் இருக்கிறது, தூசி அதன் மேல்தான் உட்காரும். அபெர்ச்சர் திறந்திருந்தால் ஒளி பல கோணங்களில் வந்து அந்தத் தூசியின் நிழலைக் கரைத்துவிடும். அபெர்ச்சரைக் குறைக்கக் குறைக்க ஒளி ஒடுங்கி வரும், நிழல் கூர்மையாகும். அதனால் வெள்ளைச் சுவரையோ தெளிந்த வானத்தையோ, துளை சிறிதாகும் எஃப்/16இல் வைத்து, ஃபோகஸை விலக்கிவிட்டு ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். தூசி என்றால் ஒழுங்கற்ற கரும்புள்ளி. எண்ணெய் என்றால் வட்டம், ஓரம் கொஞ்சம் கருத்து நடுவில் வெளிறியிருக்கும். இன்னொன்று: லென்ஸ் படத்தைத் தலைகீழாகத்தான் சென்சாரில் விழ வைக்கும். படத்தின் மேல் இடது மூலையில் தெரிகிற புள்ளியை, கேமராவின் முகத்தை நம் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தால் சென்சாரின் கீழ் இடது மூலையில் தேட வேண்டும். இது தெரியாமல் தவறான மூலையைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தூசியை பிளோயரால் ஊதிவிடலாம். எண்ணெய் ஊதினால் போகாது. ஸ்வாப் என்ற மெல்லிய துடைப்பானில் திரவம் இரண்டு சொட்டு விட்டு ஒரே இழுப்பில் துடைக்க வேண்டும், அதற்குக் கை நடுங்கக் கூடாது. காசு கொடுத்துப் புதிதாக வாங்கிய கேமராவில் இதை அடிக்கடி செய்யச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

2013 பிப்ரவரியில் நிக்கான் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. சென்சாரில் தூசி சேர்வது இயல்புதான், கையேட்டில் சொன்னபடி பிளோயரால் சுத்தம் செய்யுங்கள், போகாவிட்டால் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவாருங்கள் என்பது அதன் சாரம். ஷட்டரைப் பற்றி வெளிப்படையான பேச்சே இல்லை. அதே வருடம் அக்டோபரில் டி610 வந்தது. டி600 வந்து பதின்மூன்று மாதம்கூட முழுசாக ஆகவில்லை. ஷட்டர் அமைப்பு புதிது, நொடிக்கு 5.5 படம் என்பது 6 ஆனது, மற்றபடி ஏறக்குறைய அதே கேமரா. டி600 வாங்கியவர்களுக்கு என்ன புரிந்திருக்கும்? பழுது எங்கே என்று கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது, சரிசெய்யவும் செய்திருக்கிறது, ஆனால் அந்தச் சரியான பாகம் வேண்டுமானால் இன்னொரு கேமரா வாங்க வேண்டும். அப்படித்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் படிக்கிறேன்.

2014 பிப்ரவரி 26இல்தான் நிக்கான் இறங்கி வந்தது. வாரன்டி முடிந்திருந்தாலும் பரவாயில்லை, பரிசோதித்து, சுத்தம் செய்து, ஷட்டரையும் சம்பந்தப்பட்ட பாகங்களையும் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றது. நல்ல அறிவிப்பு, ஒரு வருடம் தாமதம். மார்ச் 15 சீனாவில் நுகர்வோர் உரிமை நாள். அன்று சீன அரசுத் தொலைக்காட்சி நடத்தும் வருடாந்திர நிகழ்ச்சியில் டி600 பிரச்சினையைக் காட்டினார்கள். உடனே ஷாங்காய் அதிகாரிகள் அதன் விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள். அப்புறம்தான், பல முறை சர்வீஸ் செய்தும் சரியாகாவிட்டால் புது டி600 அல்லது அதற்கு இணையான கேமரா தருகிறோம் என்ற நிலைக்கு நிக்கான் வந்தது. டி600ஐக் கொடுத்து டி610 வாங்கி வந்தவர்களும் இருக்கிறார்கள்.

அந்த ஒன்றரை வருடத்தில் ரசிகர்கள் நடந்துகொண்ட விதம்தான் என்னை அதிகம் வருத்துகிறது. புகார் சொன்னவர்களைப் பார்த்து, “லென்ஸ் மாற்றும்போது கேமராவின் வாயைத் திறந்து வைத்திருப்பாய்”, “எஃப்/16இல் யார் படம் எடுக்கிறார்கள்?”, “என் கேமராவில் இல்லை, உன் கேமராவிலும் இருக்காது” என்றார்கள். கம்பெனி வாய் திறக்காமலே அதன் வாதத்தை இவர்கள் செய்து முடித்தார்கள். இவர்கள் எல்லாரும் அதே காசைக் கொடுத்து அதே கேமராவை வாங்கியவர்கள்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கும் நேரத்தில், வாங்கி அதிக நாளாகாத பாடியின் (லென்ஸ் நீங்கலான கேமராவின்) ஷட்டர் நின்றுவிட்டது. தோளில் இன்னொரு பாடி தொங்கியதால் தப்பித்தேன். சர்வீஸ் சென்டரில் இருந்தவர் உள்ளே எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “ஹோமப் புகை உள்ளே போயிருக்கும் சார்” என்றார். ஷட்டர் எத்தனை தடவை ஓடியது என்ற கவுன்ட்டைச் சொன்னேன், கம்பெனி சொல்லும் ஆயுளில் கால்வாசிகூட ஆகவில்லை. “புகைக்கு வாரன்டி கிடையாது சார்.” காசு கட்டித்தான் மாற்றினேன். எங்கள் சங்கத்து வாட்ஸப் குரூப்பில் விஷயத்தைப் போட்டதும் அதே மாடல் வைத்திருந்த இரண்டு பேர் தனியாக அழைத்து, தங்களுக்கும் இதே இடத்தில் போனது என்றார்கள். குரூப்பில் சொல்லுங்களேன் என்றேன், தயங்கினார்கள். ஏன் என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. மூத்தவர் ஒருவர், “தம்பி, கம்பெனியைக் குறை சொல்லாதே. முதலில் கேமராவை ஒழுங்கா வச்சுக்கப் பழகு” என்று எழுதினார். அவருக்கு அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு பைசா வருவதில்லை. முப்பது வருடமாக அந்தப் பெயர் போட்ட வாரைக் கழுத்தில் மாட்டியவர். அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. ஆனால் அன்று அவர் எழுதிய ஒரு வரி, பேச வேண்டிய இரண்டு பேரின் வாயை அடைத்துவிட்டது.

இந்த விசுவாசம் எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பங்கு லென்சிலிருந்து. பாடி நாலைந்து வருடத்தில் மாறும். லென்ஸ் இருபது வருடம் நிற்கும். ஒரு 70-200, ஒரு 24-70, ஒரு 85 என்று சேர்ப்பதற்குள் பல சீசன் வருமானம் அதில் போயிருக்கும். லென்ஸைக் கேமராவோடு பொருத்தும் அமைப்புதான் மவுண்ட், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நிக்கானின் எஃப் மவுண்ட் 1959இல் வந்தது. பல பத்தாண்டுகள் அதை அவர்கள் விடவில்லை. கேனான் 1987இல் ஈஓஎஸ் வரிசையைக் கொண்டுவந்தபோது பழைய எஃப்டி மவுண்டைக் கைவிட்டது. எஃப்டி லென்ஸ்களில் காசைப் போட்டவர்கள் கொதித்துப்போனார்கள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் கேனான் செய்தது சரி, ஆட்டோஃபோகஸ் மோட்டாரை லென்சுக்குள்ளேயே வைத்ததால்தான் அடுத்த இருபது வருடம் விளையாட்டு மைதானங்களில் அவர்களுடைய வெள்ளை லென்ஸ்கள் வரிசைகட்டி நின்றன. ஆனாலும் அந்தக் காயம் ஆற வருடங்கள் பிடித்தன. அப்புறம் விரல் பழக்கம். இருட்டில், கண்ணை எடுக்காமல், எந்த டயலை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருக்கும். நிக்கானில் லென்ஸை மாட்டத் திருப்பும் திசையும் கேனானில் திருப்பும் திசையும் நேர் எதிர். இந்தப் பழக்கத்தை விட்டு மாறுவது, வாழ்நாள் முழுக்க வலது கையால் எழுதியவரை இடது கையால் எழுதச் சொல்வது மாதிரி.

இவ்வளவு காரணம் இருந்தும் ஒரு கட்டத்தில் ஆட்கள் மாறத்தான் செய்கிறார்கள். 2007இல் வந்த கேனான் 1டி மார்க் 3 அதற்குச் சாட்சி. நொடிக்குப் பத்து படம், 45 புள்ளி ஆட்டோஃபோகஸ், முழுக்க முழுக்க விளையாட்டுப் புகைப்படக்காரர்களுக்காகச் செய்த கேமரா. வெயிலில், வெப்பமான நாளில், ஓடி வரும் ஆளைத் தொடர்ந்து எடுத்தால் ஃபோகஸ் நிலைக்கவில்லை. கனடாவைச் சேர்ந்த புகைப்படக்காரர் ராப் கால்பிரெய்த் மாதக்கணக்கில் சோதித்து, எடுத்த படங்களை வரிசையாக வைத்து எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில் கேனான், ஆட்டோஃபோகஸுக்கு ஒளியைக் கீழே திருப்பிவிடும் சின்னத் துணைக் கண்ணாடியின் அமைப்பில் கோளாறு இருப்பதாக ஒப்புக்கொண்டு இலவசமாகச் சரிசெய்தது. ஆனால் அந்த ஆகஸ்டிலேயே நிக்கான் அதற்குப் போட்டியாக டி3ஐ அறிவித்துவிட்டது. அடுத்த வருடம் பீஜிங் ஒலிம்பிக்கில் கேனானின் வெள்ளை லென்ஸ்களுக்கு நடுவே நிக்கானின் கருப்பு லென்ஸ்கள் திரும்பத் தலைகாட்டின.

கால்பிரெய்த் செய்ததைத்தான் நான் விசுவாசம் என்பேன். அந்தக் கம்பெனி சரியாகச் செய்யும் என்று எதிர்பார்த்ததால்தான் ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து அதை நிரூபிக்கிறார். எதிர்பார்ப்பு இல்லாதவர் விற்றுவிட்டு அடுத்த கேமராவுக்குப் போய்விடுவார்.

கேனான், நிக்கான் என்று அணி பிரிந்து சண்டை போடுகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. 2005 அக்டோபரில் வரிசையாக அறிவிப்புகள் வந்தன. சோனி தயாரித்த, சிசிடி வகையைச் சேர்ந்த சில சென்சார்கள் கெட்டுப்போகின்றன, அவற்றை இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று. அறிவித்தது சோனி மட்டுமா? கேனான், நிக்கான், ஃபியூஜிஃபில்ம், கோனிகா மினோல்டா எல்லாரும். கேனான் ஏ60, ஏ70 மாதிரி அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த சின்ன கேமராக்களும் அதில் உண்டு, கோனிகா மினோல்டாவின் விலை உயர்ந்த டிமாஜ் ஏ1உம் உண்டு. அறிகுறி எல்லாவற்றிலும் ஒன்றுதான்: மெனு தெரியும், பழைய படங்கள் தெரியும், புதிதாக எடுத்தால் ஊதா நிறத்தில் கோடு கோடாக வரும், இல்லை வெறும் கருப்பு. சென்சாருக்குள் போகும் மெல்லிய கம்பி இணைப்புகள் விட்டுப்போயிருந்தன. வெப்பமும் ஈரப்பதமும் அதிகமான இடங்களில் சீக்கிரம் வரும் என்றார்கள். நம் ஊரை விடவா வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த இடம் இருக்கிறது?

வெளியே வேறு வேறு பெயர், உள்ளே ஒரே பாகம். டி600இன் சென்சாரும் சோனி செய்ததுதான். அந்தக் கோனிகா மினோல்டா 2006இல் கேமராத் தொழிலையே விட்டு விலகியது, அவர்களுடைய மவுண்ட் சோனியின் கைக்குப் போனது. மினோல்டா ரசிகர்கள் ஒரு நாள் காலையில் எழுந்து சோனி ரசிகர்கள் ஆனார்கள்.

ஆனால் விலை கூடினால் பொறுப்பும் கூடும் என்று நம்புகிறவர்களுக்கு ஜெர்மன் கம்பெனியான லைக்காவின் எம்9 இருக்கிறது. 2009 செப்டம்பர் 9இல் அறிமுகம், அமெரிக்காவில் சுமார் 7,000 டாலர், பாடி மட்டும். சென்சார் கோடக்கிடமிருந்து. சென்சாரின் மேல் மூடியிருக்கும் மெல்லிய கண்ணாடி சில வருடங்களில் அரிக்க ஆரம்பித்தது. புள்ளியைச் சுற்றி ஒளிவட்டம் போல ஒரு தடம். துடைத்தால் போகாது, கண்ணாடியே கெட்டுப்போயிருக்கிறது. 2014இல் லைக்கா, எத்தனை வருடமானாலும் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றது. மாற்றும் சென்சாரிலும் அதே பழைய கண்ணாடி இருந்தால் என்ன பிரயோசனம் என்று கேள்வி வந்தது. 2015இல் அரிக்காத கண்ணாடியோடு புது சென்சாரைத் தயார் செய்தார்கள். இது வரை நான் மனசாரப் பாராட்டுவேன். உற்பத்தி நின்றுபோன கேமராவுக்குப் புதிதாக சென்சார் செய்ய வைப்பது லேசான காரியம் இல்லை. ஆனால் 2017இல் அந்த வாக்கு சுருங்கியது: புதிதாக வாங்கி ஐந்து வருடத்துக்குள் இருந்தால் மட்டும் இலவசம். 2020இல் சென்சார் கையிருப்பே தீர்ந்தது என்றார்கள். எத்தனை வருடமானாலும் என்று சொன்ன வாயால் சொன்னது. லைக்காக்காரர்கள் இதற்கும் சமாதானம் சொன்னார்கள். அந்தச் சமாதானத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. கேனான் 5டி மார்க் 3இல் மேலே இருக்கும் சின்னத் திரையின் விளக்கு எரிந்தால் இருட்டில் ஒளி அளவீடு மாறியது. 2012 ஏப்ரலில் ஒப்புக்கொண்டு, உள்ளே கருப்பு டேப் ஒட்டிச் சரிசெய்தார்கள். கேலி செய்தவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் கேலிக்கு எதுவும் தெரியவில்லை. கேமரா வந்து இரண்டு மாதத்துக்குள் சொன்னார்கள், வேலை செய்கிற தீர்வைக் கொடுத்தார்கள்.

புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள், “அண்ணா, எந்த பிராண்ட் வாங்கட்டும்?” என்று கேட்கும்போது நான் மெகாபிக்சல் பேசுவதில்லை. உன் ஊருக்குப் பக்கத்தில் சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது, அங்கே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வருகிறவர்களோடு பேசிப் பார் என்கிறேன். ஷட்டர் மாற்ற எத்தனை நாள், பாகம் இங்கேயே இருக்கிறதா, அந்த நாட்களுக்கு மாற்று பாடி தருவார்களா என்று கேள். இலவசமாக மாற்றித் தருவதாகக் கம்பெனி அறிவித்த பழுது ஏதாவது உன் மாடலில் இருக்கிறதா என்று சீரியல் நம்பரை வைத்துப் பார். பழையது வாங்கினால் சர்வீஸ் ரசீதைக் கேள், கடைக்காரர் எதிரிலேயே வெள்ளைச் சுவரை எஃப்/16இல் ஒரு படம் எடு. உன் கேமராவில் பழுது வந்தால் படத்தோடு, தேதியோடு பொதுவில் எழுது. அதற்கு யாராவது உன்னைத் திட்டினால், திட்டுகிறவரின் கேமராவிலும் அதே பாகம்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இன்னும் தெளிவாக எழுது.

நான் இன்னும் அதே பிராண்டில்தான் இருக்கிறேன். லென்ஸ் அத்தனையும் அதில்தான், கைப் பழக்கமும் அதில்தான். தை மாத முகூர்த்தங்களுக்கு முன்னால் ஒரு பாடி மாற்றியாக வேண்டும். இந்த முறை வேறு கம்பெனியின் பாடியையும் வாடகைக்கு எடுத்து இரண்டு கல்யாணத்தில் ஓட்டிப் பார்க்கப் போகிறேன்.